மெய்ப்புப் பார்க்கிறவர்கள் கவனத்துக்கு: கடைசி பிடிஎஃப் கைக்கு வராமல் உங்கள் பெயரைப் போட விடாதீர்கள்

வீட்டிலிருந்து புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கும் (அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவர்களுக்கும்), இனிமேல் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். போன டிசம்பரில் ஒரு சிறிய பதிப்பகம் என்னை ஏமாற்றியது. பணம் போனது ஒரு பக்கம், நான் திருத்திக் கொடுத்த பிழைகளோடேயே புத்தகம் வந்து, அதில் 'மெய்ப்பு' என்று என் பெயரும் இருந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் எல்லாம் அச்சுக்குப் போயாக வேண்டும், எல்லாருக்கும் அவசரம். அந்த நேரத்தில்தான் அந்தப் பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஒரு வாத்தியாரோட வாழ்க்கை நினைவுகள், பத்து நாள்ல முடிச்சுத் தரணும், பக்கத்துக்கு 20 ரூபாய்." சரி என்றேன். 2,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் வந்தது. வேறு எதுவும் எழுத்தில் இல்லை. நான் வாட்ஸ்அப்பில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் போன் செய்துதான் பதில் சொன்னார். அவர் ஏன் எதையும் எழுத்தில் தருவதில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கோப்பு வந்தது. வேர்டில் ஏ4 அளவில் 178 பக்கம். எழுதிய பெரியவர் போனில் வாயால் சொல்லியே முழுப் புத்தகத்தையும் தட்டச்சு செய்திருக்கிறார் போல. இந்த மாதிரிக் கோப்பு இப்போது நிறைய வருகிறது, எழுத்துப்பிழை பார்க்கும் எந்த மென்பொருளும் இதில் கைகொடுக்காது. காரணம், போன் போடுவது எல்லாமே அகராதியில் இருக்கும் சொல்தான், ஆனால் வேறு சொல். 'வழி தெரியாமல் நின்றேன்' என்று அவர் சொன்னது 'வலி தெரியாமல் நின்றேன்' என்று விழுந்திருந்தது. பள்ளிக்குப் போனவர் பல்லிக்குப் போயிருந்தார். வாய்விட்டுப் படித்தால்கூட காது ஏமாறும், கண்ணால் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பத்து நாளும் ராத்திரி 1 மணி வரை உட்கார்ந்து, மாற்றங்கள் தெரியும்படி வைத்துத் திருத்தி, மின்னஞ்சலில் அனுப்பினேன். அனுப்பும்போதே, பக்கம் வடிவமைத்தபின் பிடிஎஃப் அனுப்புங்கள், ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றும் எழுதினேன். "டைம் இல்ல மேடம், நாங்களே பாத்துக்கறோம்" என்று போனில் பதில் வந்தது.

புத்தகம் டெமி என்கிற அச்சு அளவில் 18 பாரம், பாரத்துக்கு 16 பக்கம், அதாவது 288 பக்கம். பணம் கேட்டபோது முதல் தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. நான் புத்தகப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டு 5,760 என்றேன், அவர் ஏ4 பக்கத்துக்குப் போட்டு 3,560 என்றார். 'பக்கம்' என்று இரண்டு பேரும் சொன்னோம், எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் சொல் கணக்கில்தான் பேசுகிறேன். கோப்பு வந்ததும் வேர்ட் காட்டும் எண்ணிக்கையைப் படம் பிடித்து அனுப்பி, இவ்வளவு சொல், இவ்வளவு ரூபாய், சரியா என்று கேட்டு, 'சரி' என்று எழுத்தில் வந்தபிறகுதான் தொடுகிறேன்.

இந்தத் தகராறு முடிவதற்குள் புத்தகம் அச்சாகிவிட்டது. அப்புறம் வந்த போனில் பதிப்பாளரின் பேச்சே மாறியிருந்தது. புத்தகம் முழுக்கப் பிழையாம், ஆசிரியர் கோபமாக இருக்கிறாராம், மீதிப் பணம் தர முடியாதாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு பிரதி அனுப்பச் சொல்லி வாங்கி, என் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டு விதமான பிழை இருந்தது. 112-ஆம் பக்கத்தில் 'வலி தெரியாமல் நின்றேன்' அப்படியே நின்றது. அந்த அத்தியாயத்திலும் அடுத்த இரண்டிலும் நான் திருத்திய ஒன்றுகூட இல்லை. அவசரத்தில் திருத்தாத பழைய கோப்பை வைத்தே வடிவமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள், என்னுடையது போன பிறகு அந்த மூன்று அத்தியாயத்தை மாற்றவே இல்லை. வடிவமைத்த தம்பியே பிறகு, "அக்கா, எனக்கு அந்த ஃபைல்தான் குடுத்தாங்க" என்று சொன்னார்.

மற்ற அத்தியாயங்களில் வேறு கூத்து. யூனிகோடில் இருந்ததை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும் மென்பொருளில் சில 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு ஓரிடம் கால் ஓரிடம் என்று பிரிந்து கிடந்தன. ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் தமிழ் எழுத்தாகவே மாறியிருந்தன. பாமினியில் ஆங்கிலச் சிறிய t-க்கு 'வ', h-க்குத் துணைக்கால், e-க்கு 'ந' வரும். பெரியவர் படித்த ஓர் ஆங்கில நூலின் தலைப்பு, சிறிய எழுத்தில் 'the' என்று தொடங்கும், புத்தகத்தில் அது 'வாந' என்று தொடங்கியது. இதில் எதுவும் என் கோப்பில் இல்லை, நான் அனுப்பிய பிறகு நடந்தவை. பிடிஎஃப் வந்திருந்தால் ஒரே நாளில் பிடித்திருப்பேன்.

பக்க எண், என் கோப்பில் இருப்பது, அச்சில் இருப்பது என்று பட்டியல் போட்டுப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

சட்டப்படி என்ன செய்யலாம் என்று விசாரித்தேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் நம்மைப் போலத் தனியாகச் சேவை செய்கிறவர்களுக்கும் உதவும். உத்யம் பதிவு (சிறு தொழில் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு) இருந்தால், எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்றார்கள், என்னிடம் அப்போது இல்லை. தயவுசெய்து இன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஆதார், பான் இருந்தால் போதும், அரசுத் தளத்தில் ஒரு பைசா செலவில்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை.

இப்போது யார் வேலை கொடுத்தாலும் மூன்று விஷயத்தை முதலிலேயே எழுதி அனுப்புகிறேன். பாதிப் பணம் முன்னால். மீதி, திருத்திய கோப்பை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், புத்தகம் அச்சானாலும் ஆகாவிட்டாலும். கடைசி பிடிஎஃப்-ஐ நான் பார்க்காத புத்தகத்தில் என் பெயர் வரக்கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாமல் இரண்டு பேர் போய்விட்டார்கள், போகட்டும்.

ஜனவரிக் கடைசியில் அந்த வாத்தியாரே போன் செய்தார். கோபமாகத்தான் பேசுவார் என்று நினைத்தேன். "அம்மா, நீங்க படிச்சுத்தான் பாத்தீங்களா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். 80 வயதுக்காரர், அச்சடிக்கவும் தன் கைக்காசைத்தான் கொடுத்திருக்கிறார். என் கோப்பை அவருக்கே அனுப்பினேன். நாலு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, தன்னிடம் இருக்கும் பிரதிகளில் வைக்க ஒரு பிழைதிருத்தப் பட்டியல் போட்டுத் தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்றார். ஏற்கெனவே போட்டு வைத்ததுதானே, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்தப் பதிப்பகம் இந்த ஆண்டும் முகநூலில் ஆள் தேடுகிறது. எனக்கு வர வேண்டிய 3,760 ரூபாய் இன்னும் வரவில்லை.