ஃபூபார், மியூசிக்பீ, எய்ம்ப்: ராஜா பாட்டை எது ஒழுங்காக அடுக்கும்?

நமக்கு வாயில் வருவதே ‘ராஜா பாட்டு’, ‘ரஹ்மான் பாட்டு’தான். மியூசிக் பிளேயர்களோ பெரும்பாலும் ஆர்ட்டிஸ்டை வைத்து அடுக்கும். பாட்டுக் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரக் குறிப்பான டேகில் அந்த இடத்தில் பாடகர் பெயர் இருந்துவிட்டால், ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து மூலைக்குப் போய்விடும். விண்டோஸில் காசில்லாமல் கிடைக்கும் மூன்று பிளேயர்களை இந்த ஒரு தலைவலியை வைத்தே பார்த்தேன்.

ஃபூபார்2000, வின்ஆம்ப் என்ற பழைய பிளேயரைத் தந்த நல்சாஃப்ட் நிறுவனத்தில் முன்பு வேலை செய்த பீட்டர் பாவ்லோவ்ஸ்கி எழுதியது. 2002 முதல் இருக்கிறது. திறந்தால் மளிகைக்கடைப் பேரேடு மாதிரி வெறும் வரிசைகள். டார்க் மோடே 2023இல் 2.0 வந்தபோதுதான் கிடைத்தது. ஆனால் ஆல்பம் லிஸ்டின் செட்டிங்கில் கம்போசர் (இசையமைப்பாளர்), ஆல்பம், டைட்டில் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றின் இருபுறமும் சதவீதக் குறியும் இடையில் செங்குத்துக் கோடும் போட்டேன். அவ்வளவுதான்: இளையராஜா, அவருக்குள் படங்கள், படத்துக்குள் பாட்டுகள் என்று கிளை விரிந்தது. லேஅவுட் எடிட்டிங் மோடைப் போட்டால் எந்தக் கட்டத்தையும் தூக்கிவிட்டு அங்கே அட்டைப்படமோ பாட்டுக்கேற்ப ஆடும் ஸ்பெக்ட்ரமோ வைக்கலாம். முடித்ததும் அந்த மோடை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரைட் கிளிக் செய்யும்போதெல்லாம் கட்டத்தை மாற்றும் மெனுதான் வந்து நிற்கும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவருக்கு மியூசிக்பீ. நிறுவியதுமே பார்க்க லட்சணமாக இருக்கும். மேலே உள்ள காலம் (column) பிரௌசரில் ஆர்ட்டிஸ்டை எடுத்துவிட்டு கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் ராஜா வந்துவிடுவார். பேனல்களை இடம் மாற்றலாம், வெளித்தோற்றமான ஸ்கினை மாற்றலாம். ஃபூபார் அளவுக்குக் கைவைக்க முடியாது, பலருக்கு அது தேவையும் இல்லை. என் மச்சானின் லேப்டாப்பில் இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். இணையத்தில் தேடித் தானாக டேக் நிரப்பும் வசதியைப் பழைய தமிழ்ப் படங்களுக்கு நம்ப வேண்டாம்.

ரஷ்யாவின் ஆர்டெம் இஸ்மாய்லோவ் செய்த எய்ம்ப், வின்ஆம்ப் காலத்து ஆட்களுக்குக் கை பழகிய பொருள் மாதிரி இருக்கும். அழகழகான ஸ்கின்கள், பல கோப்புகளின் டேகை மொத்தமாகத் திருத்தும் கருவி. பாட்டின் பெயரோடு ஒட்டிவரும் டவுன்லோடு தளங்களின் பெயர்களைத் துடைக்க இது போதும்.

எதை எடுத்தாலும் கம்போசர் இடம் காலியாக இருந்தால் கதை நடக்காது. ஃபூபாரில் ஒரு படத்தின் பாட்டுகளை எல்லாம் செலக்ட் செய்து, ஆல்ட்டும் என்டரும் அழுத்தி, ஒருமுறை பெயரை அடித்தால் போதும். படத்துக்கு அரை நிமிடம். எனக்கு இன்னும் நானூறு படம் பாக்கி.