லிஸ்டுக்குள் லிஸ்ட்: எந்த லூப் எங்கே பொருந்தும்?

லிஸ்டுக்குள் லிஸ்ட் என்று வந்ததும், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கப் பைத்தானில் அரை டஜன் வழிகள் முன்னால் வந்து நிற்கும். ஃபாருக்குள் ஃபார், இண்டெக்ஸ் (இட எண்) வைத்து ஓட்டுவது, லூப்பை லிஸ்டின் அடைப்புக்குள்ளேயே எழுதும் ஒரே வரி காம்பிரிஹென்ஷன், பைத்தானுடன் வரும் இட்டர்டூல்ஸ் மாட்யூல், ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன், எண் கணக்குகளுக்கான நம்பை நூலகம். எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று ஆரம்பத்தில் தோன்றும். வேகத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். தரவு எத்தனை அடுக்கு? எல்லா வரிசையும் ஒரே நீளமா? உள்ளே இருப்பது வெறும் எண்களா? பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

இரண்டு மாணவர்கள், மூன்று பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம்: [[72, 65, 88], [54, 91, 60]]. வெளி லூப் ஒரு மாணவரின் வரிசையை எடுத்துக் கொடுக்கும், உள் லூப் அதிலிருந்து மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுக்கும். ‘ஃபார் வரிசை இன் மதிப்பெண்கள்’, அதற்குள்ளே ‘ஃபார் எண் இன் வரிசை’. வாசித்தாலே புரியும். ஒரு வரிசையில் மூன்று, அடுத்ததில் ஐந்து என்று இருந்தாலும் தடுமாறாது.

சி, ஜாவா பழகி வந்தவர்கள் இதையே எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சும் நீளத்தைச் சொல்லும் லென்னும் சேர்த்து, ஐ, ஜே என்று எண்ணிக்கொண்டு போவார்கள். இதில் அடிக்கடி பார்க்கும் பிழை, முதல் வரிசையின் நீளத்தையே எல்லா வரிசைக்கும் எல்லையாகப் போட்டுவிடுவது. அடுத்த வரிசை சிறியதாக இருந்தால் இண்டெக்ஸ் எரர் வந்து நிற்கும், அதுவாவது பரவாயில்லை. பெரியதாக இருந்தால் மிச்ச எண்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். சரி, அப்போது இண்டெக்ஸே வேண்டாமா? மதிப்பை மாற்றும்போது வேண்டும். லூப்புக்குள் ‘எண் = 0’ என்று எழுதினால் அந்தப் பெயர்தான் வேறொன்றைச் சுட்டத் தொடங்கும், லிஸ்ட் அப்படியே இருக்கும். இதற்கும் எனுமரேட் போதும். இடமும் மதிப்பும் சேர்ந்தே கைக்கு வரும்.

லூப்பின் மேல் பழி விழுந்து, உண்மையில் லிஸ்டை உருவாக்கிய விதத்தில் தவறு இருக்கும் ஒரு இடம் உண்டு. நான்கு வரிசை, மூன்று பத்தி பூஜ்ஜியம் வேண்டுமென்று [[0]*3]*4 என்று எழுதுவோம். அச்சிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். லூப்பில் முதல் வரிசையின் முதல் இடத்தில் 5 வைத்தால் நான்கு வரிசையிலும் 5 வந்து உட்காரும். அங்கே இருப்பது ஒரே ஒரு வரிசை. வெளி லிஸ்ட் அதையே நான்கு முறை சுட்டுகிறது. இதைத் தேடி ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனதால், உள் வரிசைகளை காம்பிரிஹென்ஷனுக்குள் தனித்தனியாகப் பிறப்பிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

காம்பிரிஹென்ஷன் பைத்தான் 2.0 காலத்திலிருந்தே, அதாவது 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வெறும் ஃபாரைவிடச் சற்று வேகம், எழுத்தும் குறைவு. ஆனால் இரண்டு ஃபார் சேரும்போது வரிசைமுறையில் கை தவறும். விதி எளிது: ஃபாருக்குள் ஃபார் எழுதும்போது எது மேலே வருமோ அதுவே இங்கே இடப்பக்கம் வரும். மாற்றி எழுதினால் பெரும்பாலும் அந்தப் பெயரே தெரியாது என்று நேம் எரர் வரும். முன்னால் ஓடிய லூப்பிலிருந்து ‘வரிசை’ என்ற பெயர் மிச்சம் இருந்தால்தான் ஆபத்து. [[1, 2], [3, 4]]ஐ ஒரே லிஸ்டாகத் தட்டையாக்கப் போய் [3, 3, 4, 4] கிடைக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு ஃபார், ஒரு இஃப் வரைக்கும் நான் காம்பிரிஹென்ஷனில் எழுதுவேன். அதற்கு மேல் போனால் பழைய ஃபாருக்கே திரும்பிவிடுவேன்.

வெறுமனே தட்டையாக்குவதுதான் வேலை என்றால் இட்டர்டூல்ஸில் இருக்கும் செயின் டாட் ஃப்ரம் இட்டரபிள் நல்ல தேர்வு. கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும், புதிய லிஸ்ட் எதையும் கட்டாது. சம் ஃபங்ஷனுக்குக் காலி லிஸ்டைத் தொடக்கமாகக் கொடுத்து ஒட்டும் வித்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் அதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் மறுபடி பிரதி எடுக்கும்; வரிசைகள் இரண்டு மடங்கானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இதுவரை சொன்னவை எல்லாம் அடுக்கு எத்தனை என்று தெரிந்த தரவுக்கு. [1, [2, [3, [4]]]] மாதிரி ஆழம் தெரியாதபோது ஃபார்களை அடுக்கிக்கொண்டே போக முடியாது, ரிகர்ஷன்தான் இயல்பு. கையில் வந்தது லிஸ்டா என்று பார்க்க வேண்டும். லிஸ்ட் என்றால் அதே ஃபங்ஷனை அதன்மேல் அழைக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பை வெளியே கொடுக்க வேண்டும். உள் அழைப்பு தரும் மதிப்புகளை அப்படியே வெளியே கடத்தும் ஈல்டு ஃப்ரம் (பைத்தான் 3.3இல் வந்தது) இதை மிக அழகாக முடித்துத் தரும். சோதனையை மட்டும் கவனமாக எழுதுங்கள். ‘லூப் போட முடியுமா’ என்று பொதுவாகச் சோதித்தால் ஸ்ட்ரிங்கும் அதில் மாட்டும். ஒற்றை எழுத்து ஸ்ட்ரிங்கை லூப் போட்டால் அதே எழுத்துதான் திரும்ப வரும், அதற்குள் மறுபடியும் அதே எழுத்து. வழக்கமான எல்லையான 1000 அழைப்புகளைத் தொட்டதும் ரிகர்ஷன் எரர் வந்து நிற்கும். உண்மையிலேயே அவ்வளவு ஆழமான தரவு என்றால், நாமே ஒரு லிஸ்டை ஸ்டாக்காக, அதாவது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் விதத்தில், வைத்துக்கொண்டு வைல் லூப்பில் பிரிப்பது நல்லது.

அப்புறம் அரே. பைத்தானுடனேயே வரும் அரே மாட்யூல் ஒற்றைப் பரிமாணம் மட்டும் என்பதால் இந்த ஒன்றுக்குள் ஒன்று வேலைக்கு உதவாது. அரே என்று பேசுபவர்கள் பெரும்பாலும் நம்பையைத்தான் சொல்கிறார்கள். இங்கேதான் ஒப்பீடே தலைகீழாகிறது. லிஸ்ட் ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பதற்கு உரியது. நம்பை அரேயோ முழுதாக ஒரே கணக்கில் போடுவதற்கு உரியது. அரேக்குள் எண்கள் நெருக்கமாக, ஒரே வகையில், வெறும் பைட்டுகளாக இருக்கின்றன. ஃபார் போட்டால் ஒவ்வொரு எண்ணையும் தனி ஆப்ஜெக்டாகப் பொதிந்து பைத்தானிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் லிஸ்டில் ஓடிய அதே இரட்டை ஃபார் நம்பை அரேயில் இன்னும் மெதுவாக ஓடுகிறது. வேகத்துக்காக அரேக்கு மாறிவிட்டு லூப்பை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அரேயை 2ஆல் பெருக்கு என்று ஒரே வரியில் சொன்னால் லூப் உள்ளே சி மொழியில் ஓடும். மாணவர்வாரி மொத்தத்துக்கு ஆக்ஸிஸ் (கூட்டும் திசை) 1, பாடவாரி மொத்தத்துக்கு ஆக்ஸிஸ் 0. ஃபார் எங்கும் வேண்டாம்.

நம்பையில் என்டி-இட்டர், வெக்டரைஸ் என்ற பெயர்களைப் பார்த்ததும் வேகம் வரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. வெக்டரைஸ் உள்ளே சாதாரண லூப்தான்; எழுதும் வசதிக்காக இருக்கிறது. என்டி-இட்டரும் பைத்தானிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் பெரிதாக மிச்சப்படுத்தாது. இடத்தோடு மதிப்பும் வேண்டுமென்றால் என்டி-எனுமரேட் கைகொடுக்கும்.

லிஸ்டுக்கும் அரேக்கும் எழுதும் வரி ஒன்றாகவே இருந்து, நடப்பது வேறாக இருக்கும் இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ‘ஃபார் வரிசை இன் அட்டவணை’, உள்ளே ‘வரிசை *= 2’. அட்டவணை நம்பை அரே என்றால் [72, 65, 88] என்ற வரிசை [144, 130, 176] ஆகும். வரிசை என்பது மூல அரேயின் மேல் திறந்த ஜன்னல் மாதிரி என்பதால் மூலமும் மாறிவிடும். லிஸ்ட் என்றால் அதே வரி அதை [72, 65, 88, 72, 65, 88] ஆக நீட்டிவிடும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. லிஸ்ட் வருமா அரே வருமா என்று உறுதியில்லாத ஃபங்ஷனில் முதல் வரியிலேயே ஏதாவது ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வரிசைகள் ஒரே நீளத்தில் இல்லையென்றால் அரேயாக மாற்றும் முயற்சியே வேண்டாம். நம்பையின் பழைய பதிப்புகள் ஆப்ஜெக்ட் வகை அரே ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தன, நம்பை 1.24 முதல் வேல்யூ எரர் வரும். ஒவ்வொரு விடையும் முந்தைய விடையைப் பொறுத்து அமையும் கணக்குகளுக்கும் முழு அரேக் கணக்கு எப்போதும் ஒத்துவராது. அதுவரையான கூட்டுத்தொகையைத் தரும் கம்சம் போன்ற ஆயத்த ஃபங்ஷன் ஏதாவது பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பேன். பொருந்தாவிட்டால் டூலிஸ்ட் போட்டு லிஸ்டாக மாற்றி, சாதாரண ஃபாரில் நடந்து, விடையை மறுபடி அரேயாக்குவேன். அதுவும் போதாத அளவுக்குத் தரவு பெரியது என்றால், அதே லூப்பை நம்பா என்ற கம்பைலர் நூலகத்திடம் கொடுத்துக் கம்பைல் செய்ய (இயந்திர மொழியாக்க) வைப்பேன்.