ராதுராக்ஸ்தி: லாட்விய முன்னோரைத் தேட உதவும் தளம்

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டுக்கு லாட்விய மருமகள் வந்திருக்கிறாரா? பேரப்பிள்ளைக்குத் தாய்வழி முன்னோரையும் எழுதி வைக்க, முதலில் திறக்க வேண்டியது ராதுராக்ஸ்தி. லாட்விய ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறது. காசு கிடையாது.

பெரிய குறை, பெயரைத் தட்டித் தேட முடியாது. எந்தத் தேவாலயப் பங்கு, எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் ஏட்டைத் திறந்து புரட்டலாம். நம் கடற்கரைப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான ஏட்டைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

எழுத்துதான் ஆளை அசத்தும். லூத்தரன் ஏடுகள் 1890களின் தொடக்கம் வரை பழைய ஜெர்மன் கையெழுத்தில், பிறகு ரஷ்ய மொழியில். ஒரே குடும்பப் பெயர் ஆணுக்கு ஓஸோல்ஸ், பெண்ணுக்கு ஓஸோலா; ஜெர்மன் ஏட்டில் ஓஸோல். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

விட்செமே பகுதி விவசாயிகளுக்குக் குடும்பப் பெயர் வந்ததே 1820களில்; குர்செமேயில் 1830களில். அதற்கு முன் ஆள் பெயரும் பண்ணைப் பெயரும்தான், நம்மூரில் வீட்டுப் பெயர் சொல்வதுபோல. பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். அங்கே ஏட்டை விட்டுவிட்டு 1834 குடிக்கணக்கைப் பாருங்கள்: 1816இல் என்ன வயது, 1834இல் என்ன வயது என்று ஆண்களுக்கு இரண்டும் இருக்கும். அப்பன் மகனை உறுதிசெய்ய அதைவிட நல்ல சான்று இல்லை.

தேதிகள் ஜூலியன் நாட்காட்டி. இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.