ஏர் பம்பைக் கழற்றிவிடலாமா, சரிசெய்யலாமா? பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் வைத்திருப்போருக்கு

கோல்ஃப் 4, 1.6 வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் மிக்சி ஓடுவது போல ஒரு சத்தம் வந்து, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடும். அதுதான் செகண்டரி ஏர் பம்ப்: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகை மாசைக் குறைக்கப் புகைப் பாதைக்குள் காற்றை ஊதும் மின் பம்ப். காலையில் அந்தச் சத்தமே வராமல் போய், மஞ்சள் இஞ்சின் விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் பி0411 (இந்தக் காற்று சரியாகப் போகவில்லை என்ற கோளாறு எண்) என்று வந்தால் முன்னால் இருப்பது மூன்று வழி: அப்படியே விட்டுவிடலாம், கழற்றி எறியலாம், சரிசெய்யலாம். என் 2001 மாடலுக்கு நான் சரிசெய்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்படியே விட்டால் வண்டி ஓடும், ஒன்றும் ஆகாது. ஆனால் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருப்பதால், நாளைக்கு இக்னிஷன் காயில் போனாலும் அதே விளக்குதான், உங்களுக்குத் தெரியவராது.

கழற்றுவது பலருக்கும் பிடித்த யோசனை. பம்பையும் ஹோஸையும் எடுத்துவிட்டு, காற்று போகும் வாயைத் தகடு வைத்து மூட வேண்டும். அதோடு முடியாது. காற்று வரவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். விளக்கை அணைக்க மென்பொருளையும் மாற்ற வேண்டும். அந்த மென்பொருள் வேலையை நண்பர் ஒருவரின் காரில் பார்த்ததோடு சரி, என் கையால் செய்ததில்லை. கழற்றினால் பவர் கூடும் என்பதெல்லாம் பெல்ட்டில் சுழன்ற 1970-களின் பம்புக்குப் பொருந்தலாம். இது கரண்டில் ஓடுவது, அதுவும் குளிர்ந்த இஞ்சினில் அந்த ஒரு நிமிடம்தான். மிச்சமாவது கொஞ்சம் எடை.

எனக்கு முடிவைச் சொன்னது கொந்த்ரோல் தெக்னிக், அதாவது கட்டாய வாகனப் பரிசோதனை. இங்கே நான்கு வயது தாண்டிய காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது உண்டு. புகைக் குழாயில் கருவி வைத்து அளக்கும்போது இஞ்சின் சூடாக இருக்கும், பம்ப் ஓடாது. 2001 வண்டிக்கு ஐடிலில் 0.5 சதவீதம், ஆக்சிலரேட்டரை மிதித்தபடி 0.3 சதவீதம், இவற்றுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடாது. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலைசர் நன்றாக இருந்தால் பம்ப் இல்லாமலே தேறிவிடும். இதை வைத்துத்தான் 'கழற்றினால் யாருக்குத் தெரியும்' என்கிறார்கள். ஆனால் பரிசோதகர் கருவியை மட்டும் பார்ப்பதில்லை, பானெட்டையும் திறப்பார். கம்பெனி பொருத்திய மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் காணாமல் போயிருப்பது பெரிய குறை. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, அப்படிக் கழற்றுவதற்கும் கழற்றச் சொல்வதற்கும் சாலைச் சட்டத்தில் 7,500 யூரோ வரை அபராதம்.

விற்கும்போதும் இதே தலைவலிதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பரிசோதனை அறிக்கையை வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும். தகடு அடித்த இஞ்சினைப் பார்த்ததும் வேறென்ன கைவைத்திருக்கிறார்களோ என்று விலையைக் குறைப்பார்கள். நானாக இருந்தாலும் குறைப்பேன்.

சரி, சரிசெய்வது எப்படி? பம்ப் தானாகச் சாவது குறைவு. பம்பின் காற்றை இஞ்சினுக்குத் திறந்து மூடும், இஞ்சின் பக்கம் இருக்கும் கோம்பி வால்வு முழுதாக மூடாமல் போனால், புகையும் அதிலுள்ள ஈரமும் ஹோஸ் வழியே திரும்பி வந்து பம்பைத் துருப்பிடிக்க வைக்கும். என் பம்பைக் கவிழ்த்தபோது துருநிறத் தண்ணீர் கொட்டியது; உள்ளே சக்கரம் விரலுக்கு அசையவில்லை. வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், மூடியிருக்க வேண்டிய வால்வில் காற்று தாராளமாகப் போனது. பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

செலவு வலிக்கும், மறைக்கவில்லை. கப்பலில் வரும் சாமானுக்கு ஒக்த்ருவா த மேர் என்ற தீவு இறக்குமதி வரியும் சேரும். அதனால் வால்வைப் புதிதாகவும், பம்பை உடைத்து விற்கும் இடத்தில் பழையதாகவும் வாங்கினேன். அதே பம்ப் அந்தக் காலத்து ஸ்கோடா ஒக்தாவியாவிலும் ஆடி ஏ3-யிலும் உண்டு, பார்ட் நம்பரைப் பொருத்திப் பார்த்து எடுக்கலாம். பழைய பம்ப் பல வருடம் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். இதுவரை விளக்கு எரியவில்லை.

கடைக்குப் போகும் முன் ஃபியூஸ், ரிலே, வால்வுக்குப் போகும் மெல்லிய வாக்யூம் குழாய் மூன்றையும் பாருங்கள். குழாயில் வெடிப்பு இருந்தாலும் பி0411 வரும், அதற்குச் சில யூரோ போதும்.