செர்ரிப் பூ பார்க்க ஆர்.வி.யில் வாஷிங்டன் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 780 டாலர் போன கதை

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 780 டாலர். ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) நிறுத்தித் தங்கும் முகாமில் இடம் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்திடம் போன பணம். திரும்பி வராது என்று வங்கியும் இன்று காலை கையை விரித்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் ‘போனால் போகட்டும், பணம்தானே’ என்று இருந்துவிடுவேன். அடுத்து இன்னொரு குடும்பம் மாட்டும். பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் ஆர்.வி. நிறுத்த இடம் பிடிப்பது எப்படி என்று கடைசியில் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இணையதளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அதற்கு வேறு வக்கீல் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு அலைய என்னால் ஆகாது. வகையைச் சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். நகரங்களை ஒட்டி இருக்கும் ஆர்.வி. முகாம்களில் இடம் பதிவு செய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் தளம் அது. முகாமின் பெயரைப் போட்டுத் தேடினால், முகாமின் சொந்தப் பக்கத்துக்கும் மேலே விளம்பரமாக வந்து நிற்கும். அதே படங்கள், அதே வரைபடம், அதே இட எண்கள். பார்க்கிற எவருக்கும் அதுதான் முகாமின் அலுவலகம் என்று தோன்றும்படி ஜோடித்து வைத்திருக்கிறார்கள். இவர்கள் கடையைத் திறப்பதும் காலம் பார்த்துத்தான்.

அந்தக் காலம் எது என்று வாஷிங்டன் போனவர்களுக்குத் தெரியும். 1912-இல் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய மூவாயிரத்துச் சொச்சம் செர்ரி மரங்களின் வழிவந்த கூட்டம்தான் டைடல் பேசின் என்ற நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது. யோஷினோ வகை மரங்களில் நூற்றுக்கு எழுபது பூ விரிந்த நாளைத்தான் உச்சம் என்று தேசியப் பூங்காத் துறை கணக்கில் வைக்கிறது. அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் கடைசியிலும் வரும், ஏப்ரல் முதலிலும் வரும். அதனால் இன்ன தேதி என்று ஆறு மாதம் முன்னாலேயே இடம் பிடித்துவைக்க முடியாது. உச்சம் எப்போது என்ற கணிப்பு வெளியானதும் எல்லோரும் ஒரே வாரத்தில் இடம் தேடி ஓடுகிறோம். முகாம்கள் நிரம்புகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் ‘இன்னும் ஓர் இடம் மட்டுமே’ என்று சிவப்பு எழுத்தில் இந்தத் தளம் மின்னுகிறது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். பூக்காலத்தில் வாஷிங்டன் ஓட்டல் வாடகையைப் பார்த்தவுடன் வாடகைக்கு ஒரு ஆர்.வி. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு அடுப்பு இருந்தால் போதும், உலகத்தின் எந்த மூலைக்கும் வருவார். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். இரவு முழுவதும் முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று இயந்திரம் இல்லாமல் அவர் படுப்பதில்லை. ஆகவே மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள இடம்தான் வேண்டும் என்று தேடினேன். இருபத்தைந்து அடி வண்டியை வாஷிங்டன் தெருவில் நிறுத்த இடம் தேடுவதெல்லாம் நடக்காத காரியம். மேரிலாந்தில் முகாம் போட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோவில் போய் வருவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படி ஒரு முகாமைத்தான் தேடினேன்; வந்தது அந்தத் தளம்.

பணம் கட்டும் முன் அதில் இருந்த எண்ணை அழைத்தேன். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், கண்ணி இங்கேதான் இருந்தது. எடுத்தவன் அவசரப்படவில்லை, விற்கவும் முயலவில்லை. கேள்விதான் கேட்டான். வண்டி எத்தனை அடி? பக்கவாட்டில் வெளியே தள்ளும் பகுதி ஓட்டுநர் பக்கமா, கதவுப் பக்கமா? 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா? வயதானவர்கள் வருகிறார்கள் என்றேன். அப்படியானால் குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் போடுகிறேன், ஆனால் இரவில் விளக்கு வெளிச்சம் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டான்.

பிறகு நான் கேட்காமலே வழியும் சொன்னான். நியூ ஜெர்சியிலிருந்து 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் இரண்டு சுரங்கச் சாலைகள் இருக்கின்றன. வண்டியில் சமையல் வாயு இருப்பதால் இரண்டு சுரங்கத்திலும் விடமாட்டார்கள். முன்பெல்லாம் இந்த வண்டிகள் அங்கேயே இருந்த கீ பாலத்தின் மேல் போகும், 2024 மார்ச்சில் சரக்குக் கப்பல் மோதிப் பாலம் விழுந்ததிலிருந்து அந்த வழி இல்லை. ஆகவே 695 வளையச் சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள், கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நானே அதற்கு முந்தின நாள்தான் அந்தச் சுரங்க விதியைப் படித்திருந்தேன். இவ்வளவு தெரிந்த ஒருவன் முகாம் அலுவலகத்தில் உட்காராமல் வேறு எங்கே உட்கார்ந்திருப்பான்?

அதற்குப் பிறகுதான் பணப்பேச்சு. அட்டையில் கட்டினால் உறுதியாக நாளை ஆகும், அதற்குள் இந்த இடம் போய்விடும், வங்கியிலிருந்து நேரே அனுப்பினால் அட்டைக் கட்டணமும் மிச்சம் என்றான். வாடகை, முன்வைப்பு, துப்புரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 780 டாலர். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் உறுதிக் கடிதம் வந்தது. இட எண், முகாமின் வரைபடம், அமைதி காக்க வேண்டிய நேரம், குப்பை போட வேண்டிய இடம் வரை அச்சடித்தது போல எல்லாம் இருந்தன.

695-இல் சுற்றி, நெரிசலில் ஊர்ந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டி வெகு நேரமாகிவிட்டது. இந்த முகாம்களில் அலுவலகம் மூடிய பிறகு வருபவர்களுக்காக வாசலில் ஒரு பலகை இருக்கும். பெயர் எழுதிய உறைகளைக் கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார்கள். உள்ளே வரைபடமும் வாயிற்கதவின் எண்ணும் இருக்கும். அம்மா கைப்பேசி விளக்கைப் பிடிக்க, ஒவ்வோர் உறையாகப் பார்த்தேன். எங்கள் பெயர் இல்லை. என் பெயரின் முதல் பாதியைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார்களோ, இந்த நாட்டில் அது வழக்கம்தானே என்று மறுபடியும் பார்த்தேன். அப்படியும் இல்லை. இரவுப் பணியாளர் சிறு மின்வண்டியில் வந்தார். கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தத் தளத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை, இந்தப் பருவத்தில் இப்படி வருவது நீங்கள் முதல் ஆளும் இல்லை என்றார். எங்களுக்கென்று எழுதியிருந்த இடத்தில் பேருந்து போல ஒரு பெரிய வண்டி, வெளியே வண்ண விளக்குச் சரம் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தது. முகாம் முழுவதும் நிரம்பிவிட்டது, ஒரு மூலை கூட இல்லை. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்பாவுக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார்.

அன்றிரவு 95 சாலை ஓரத்து ஓய்விடத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றோம். வாடகை வண்டியில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வண்டித் தொட்டியில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் அது ஓடாது. ஓட்டுவதற்கு மிச்சம் வைக்கும் ஏற்பாடு அது. சுற்றிய சுற்றில் முள் காலுக்குக் கீழே போயிருந்தது. பங்க் தேடிப் போனால் கிடைத்த இடமும் போய்விடும். அப்பா இயந்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 780 டாலரைவிட எனக்கு எரிகிறது இதுதான்.

அடுத்த நாள் கிரீன்பெல்ட் பூங்காவில் யாரோ ரத்து செய்த இடம் கிடைத்தது. தேசியப் பூங்காத் துறை நடத்துவது, விலையும் குறைவு, மரங்கள் சூழ்ந்த நல்ல இடம். ஆனால் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது, இரவில் ஜெனரேட்டர் போடவும் கூடாது. அப்பாவின் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு பெரிய பேட்டரி வாங்கினோம். அந்தச் செலவு 780-இல் சேரவில்லை. ஊர் பார்த்தோமா என்றால் பார்த்தோம். பச்சைத் தடத்து மெட்ரோவில் லான்ஃபான்ட் பிளாசா நிலையம் வரை போய், அங்கிருந்து நடந்தோம். பூக்கள் நன்றாகத்தான் இருந்தன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை. இதைப் பற்றி எழுதும் மனநிலையில் நான் இல்லை.

இனி அவர்கள் தட்டிக்கழித்த அழகைக் கேளுங்கள். பதிவு செய்தபோது இரண்டாவது மணியிலேயே எடுத்த எண், இப்போது இசை மட்டும் பாடியது. அரட்டைப் பெட்டியில் ஒருவர் வந்து ‘உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம்’ என்று எழுதி, புகார் எண் ஒன்று கொடுத்துவிட்டு மறைந்தார். மறுநாள் வேறொருவர் வந்து அந்தப் புகார் எண் தங்கள் முறைமையில் இல்லை என்றார். பிறகு மின்னஞ்சல் வந்தது: நீங்கள் குறித்த நாளில் வரவில்லை என்று முகாம் தெரிவித்திருக்கிறது, ஆகவே விதிப்படி தொகை திரும்பத் தரப்படாது. முகாமுக்கு எங்கள் பெயரே தெரியாது! வராதவன் எப்படி வாசல் பலகையைப் படம் எடுத்து அனுப்புவான்? படத்தை அனுப்பினேன். அதற்குப் பதில், 780 டாலரையும் அடுத்த பயணத்துக்கு வரவாக வைத்துக்கொள்ளலாமாம், ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டுமாம். இல்லாத இடத்தை ஒரு முறை விற்றது போதாதென்று இன்னொரு முறையும் விற்கப் பார்க்கிறார்கள். வேண்டாம், பணம் வேண்டும் என்று எழுதினேன். அதோடு கதவு சாத்தப்பட்டது.

வங்கியிலும் அதே கதைதான், குரல் மட்டும் மரியாதையாக இருந்தது. நீங்களே உங்கள் கையால் அனுப்பிய பணம், யாரும் உங்கள் கணக்கை உடைத்துத் திருடவில்லை, ஆகவே திரும்பப் பெற வழியில்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் பில் வந்த 60 நாள்களுக்குள் எழுதிக் கொடுத்துத் தகராறு எழுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அட்டையை ஏன் அவன் அவ்வளவு பதவிசாக ஒதுக்கினான் என்பது இப்போது விளங்குகிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அரசின் எஃப்.டி.சி.க்கும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கும் விவரம் அனுப்பும் வேலை பாக்கி இருக்கிறது, ஆகவே இவ்வளவுதான். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முகாமின் எண்ணை வேறு வழியில் தேடி எடுத்து அழைத்து, உங்கள் பெயரையும் தேதியையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அட்டை வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அங்கேயே துண்டியுங்கள். மத்திய அரசுப் பூங்கா என்றால் அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளம், வேறெதுவும் இல்லை. பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொண்டு முகாமுக்குப் போங்கள்.

அந்த விளம்பரம் இன்று மதியமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே போல உங்களுக்கும் நடந்திருந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வழியில் பணம் அனுப்பினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். என் 780 டாலரோடு சேர்த்துப் புகாரில் இணைத்துவிடுகிறேன்.