சுகர் பாதித்த கண்ணுக்கு லேசரா, ஊசியா?

'லேசரெல்லாம் பழசு, இப்போ ஊசிதான்' என்ற பேச்சு சென்னைக் கண் ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். அதில் பாதிதான் சரி. கண்ணில் எந்த இடத்தில் என்ன கோளாறு, நோயாளி எத்தனை தடவை தவறாமல் வருவார், இந்த இரண்டும் தெரியாமல் எது மேல் என்று சொல்ல முடியாது.

சுகரால் விழித்திரையில் வரும் கோளாறு முக்கியமாக இரண்டு விதம். ஒன்று, நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோப்பது. எழுத்து கலங்கும், நேர்கோடு நெளியும். மற்றது, ரத்த ஓட்டம் போதாமல் புது ரத்தக் குழாய்கள் முளைப்பது. மெலிந்த குழாய்கள், உடைந்தால் கண்ணுக்குள் கறுப்பு நூல் நூலாக ரத்தம் மிதக்கும். உடையும் நாள்வரை பார்வை 6/6, அதாவது குறையே இல்லாமல், இருக்கலாம் என்பதுதான் ஆபத்து. 'நல்லாத்தானே தெரியுது' என்று கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்காமலே வருஷங்கள் ஓடிவிடும்.

நீர் கோத்த மாக்குலாவுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிதான் முதல் தேர்வு. நீர் கோத்திருந்தும் பார்வை ஏறக்குறைய 6/6 இருந்தால் உடனே குத்தாமல், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் கண்காணிக்கலாம். ஊசி மருந்துகளில் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2015-ல் வெளிவந்தது. பார்வை 6/12 அல்லது அதைவிட மேல் (இரண்டாவது எண் கூடக் கூடப் பார்வை குறைவு) என்றால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. விலை குறைந்த பெவாசிசுமாப் போதும். 6/15 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதல் வருஷத்தில் அஃப்லிபெர்செப்ட் முந்தியது. எந்த மருந்தானாலும் அந்த ஒரு வருஷத்தில் சுமார் 9, 10 ஊசி தேவைப்பட்டது. மூன்று போட்டுவிட்டு 'பலன் இல்லை' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு.

பெவாசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கண்ணுக்கு 0.05 மில்லி போதும் என்பதால் ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரிப்பார்கள். மலிவுக்கும் அதுதான் காரணம், கிருமித் தொற்று பயத்துக்கும் அதுதான் காரணம். எங்கே, எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஊசி என்றதும் நடுங்க வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு மருந்து, கிருமியைக் கொல்ல 5% போவிடோன் அயோடின், இமையைப் பிடிக்க ஒரு கிளிப். கருவிழி ஓரத்திலிருந்து 3.5–4 மி.மீ. தள்ளி, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசி. சில நொடியில் முடிந்துவிடும். அன்று கண் உறுத்துவது அயோடினால். வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு வந்தால் ஓரிரு வாரத்தில் கரையும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடி, பார்வை மங்கினால் உள்ளே தொற்றாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும்.

புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில் கதை மாறுகிறது. அங்கே ரானிபிசுமாப் ஊசி லேசருக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வு சொன்னது, மாதாமாதம் ஒழுங்காக வந்தவர்களை வைத்து. ஊசியின் வேலை தற்காலிகம். இடையில் நின்றுவிட்டால் குழாய்கள் மறுபடி தலைதூக்கும், விழித்திரையை இழுத்துப் பிய்க்கவும் கூடும். லேசர் விழித்திரையின் ஓரப்பகுதியில் 1200 முதல் 1600 புள்ளி வரை, ஒன்று முதல் மூன்று அமர்வில் சுட்டு முடிப்பது. பலன் பெரும்பாலும் நிலைக்கும். கடிகாரத்தின் 3 மணி, 9 மணி திசையில் சுடும்போது சுருக்கென்று வலிக்கும், நரம்பு ஓடும் இடம் அது. விலையும் உண்டு: இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையும். ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. மாக்குலாவில் ஏற்கெனவே நீர் இருந்தால் லேசர் அதைக் கூட்டலாம் என்பதால் பெரும்பாலும் முதலில் ஊசி, பிறகு லேசர்.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், துணைக்கு ஆளில்லை, ஊர் திருவள்ளூர் தாண்டி என்றால் லேசரையே கேளுங்கள். வீட்டில் கூட்டிவர ஆள் இருந்து, வாகனம் ஓட்டுவதே பிழைப்பு என்றால் ஊசியை யோசிக்கலாம்.

மாக்குலா நீருக்கு இன்னொரு வழி, கண்ணுக்குள் வைக்கும் மருந்துத் துண்டான ஸ்டீராய்டு இம்ப்ளாண்ட். மூன்று, நான்கு மாதம் தாங்கும். கண் அழுத்தத்தையும் புரையையும் கூட்டும் என்பதால் புரை ஆபரேஷன் முடித்தவருக்குப் பொருந்தும்; சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்து, மேலே சொன்ன ஊசிகளுக்குத் தயங்க வேண்டியவருக்கும் பொருந்தும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். தேங்கிய ரத்தம் வடியாவிட்டால், விழித்திரை இழுபட்டால், கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷன்.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கோ நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவுக்கோ, எங்கே போனாலும் பழைய ஓசிடி அச்சுப்படியை எடுத்துப் போங்கள். ஒப்பிட்டால்தான் மருந்து கேட்கிறதா என்று தெரியும். பைக் வேண்டாம், சொட்டு மருந்தின் கூச்சம் நாலு மணி நேரமாவது இருக்கும். காப்பீட்டில் கண் ஊசிக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாலிசியில் முதலிலேயே பாருங்கள். சுகர் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள்: பயோகிளிட்டசோன் இருந்தால் மாக்குலாவில் நீரைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாமல் சுகர் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.