பாதியில் எழுந்து போக முடிகிறதா? குவில்ட் கருவிகளோடு சில வருடங்கள்

குவில்ட், அதாவது துணிக் கட்டங்களை ஒட்டுப்போட்டு உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. அதற்கான கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். பெட்டி பிரிக்கிற படம், கையகல மாதிரித் தையல், ஐந்து நட்சத்திரம், முடிந்தது. இரண்டு பிள்ளைகள், மாமியார், எல்லாருக்கும் பொதுவாக ஒரே மேஜை என்று இருக்கிற வீட்டில் அந்தக் கருவி வருடக்கணக்கில் என்ன பாடுபடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தையல் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: பாதியில் விட்டு எழுந்து போய், மறுநாள் வந்து அதே இடத்தில் தொடர முடிகிறதா?

முதலில் வட்டக் கத்தி, அதாவது ரோட்டரி கட்டர். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அட்டையில் வார்ப்பு வெட்டி, துணியில் வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்குவதே வழக்கம். இப்போது நான்கு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் பட்டைகளாக்கிவிடலாம். 45 மில்லிமீட்டர் பிளேடு பெரும்பாலான வேலைக்குப் போதும். 28 வளைவுகளுக்கு நல்லது, 60 கனத்த துணிக்கு. கைப்பிடியை விட்டதும் பிளேடு தானாக உள்ளே போய்விடுகிற வகை உண்டு. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. "அம்மா, ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தானே ஓடுவோம், மூடியைத் தள்ள எங்கே நேரம்? வெட்டும்போது நடுநடுவே ஓரிரு இழை அறுபடாமல் நின்றால் பிளேடு மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பிளேடைத் தூக்கிப் போடாமல், பள்ளி வேலைக்கான காகிதம் வெட்ட என்று தனியாக வைத்திருக்கிறேன். காகிதம் பட்ட பிளேடு துணிக்கு ஆகாது என்பது வீட்டில் சட்டம்.

கத்தியோடு சேர்ந்ததுதான் வெட்டும்போது துணிக்கு அடியில் போடுகிற விரிப்பு. அதன் எதிரி கத்தி அல்ல, சூடு. வெயில் படுகிற ஜன்னலோரம், சூடான பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, இதில் எது பட்டாலும் வளைந்துவிடும். வளைந்த விரிப்பு பழையபடி தட்டையாவது அபூர்வம். கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தே வைக்கிறேன். கத்தியை ஒட்டி ஓட்ட வைத்துக்கொள்கிற 6க்கு 24 அங்குல ஸ்கேலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்பக்கம் வழுக்காத ஒட்டுப்பொட்டு நான்கு மூலையிலும் ஒட்டிக்கொள்ளுங்கள், போதும்.

ஃபுட் என்பது மெஷினில் துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பாகம். துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பதற்கென்று ஓரத்தில் தடுப்பு வைத்த ஃபுட் ஒன்று கிடைக்கிறது. இது தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு வரிசையில் 12 கட்டங்கள் இருந்தால் 11 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கத்திலும் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போனால் வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் குறைந்துவிடும். அடுத்த வரிசை சரியாக இருந்தால் இரண்டும் எங்கே போய்ச் சேரும்? தடுப்பு ஃபுட் இருந்தால், நேற்று இரவு தைத்த கட்டமும் இன்று மதியம் அவசரத்தில் தைத்த கட்டமும் ஒரே அளவில் வரும். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

இனி வாக்கிங் ஃபுட். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே ஒட்டுவேலை, நடுவில் பஞ்சு, அடியில் லைனிங். சாதாரண ஃபுட்டில் மெஷினின் பற்கள் அடித்துணியை மட்டும் பிடித்து நகர்த்தும். மேல்துணி பின்தங்கும். தையல் வரி முடிகிற இடத்தில் அந்த உபரித் துணி சின்ன மடிப்பாகக் குவிந்து நிற்கும். வாக்கிங் ஃபுட்டுக்கு அதன் அடியிலேயே தனிப் பற்கள் உண்டு. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கை ஊசித் திருகின்மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கி, மேல் பற்களும் கீழ்ப் பற்களோடு சேர்ந்து நகரும். ஓட்டிப் பாருங்கள், டக் டக் என்று சத்தம் கேட்கும். மாமியார் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்: "கட்டம் சேக்கறது முடிஞ்சதாம்மா, இப்ப பஞ்சு வெச்சுத் தைக்கறியா?"

நாள்பட்ட பிறகு தெரியவரும் விஷயங்களும் உண்டு. அதிர்வில் ஊசித் திருகு மெல்லத் தளரும். பாபின் மாற்றும்போதெல்லாம் அதையும் ஒரு திருப்பு திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலான வாக்கிங் ஃபுட்டில் ரிவர்ஸ் போடக் கூடாது. ஆரம்பத்திலும் முடிவிலும் சில தையல்களை மிகச் சின்னதாகப் போட்டு முடித்துக்கொள்ளலாம். தையல் நீளம் கட்டம் சேர்க்க 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் என்றால், மூன்று அடுக்குக்கு 3 வைத்தால்தான் அழகாக விழுகிறது. ஊசி அளவு 90/14. வாங்கும் முன் உங்கள் மெஷினில் ஃபுட் மாட்டுகிற தண்டின் உயரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறினால் பொருந்தாது.

நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நிற்கிற வசதி உங்கள் மெஷினில் இருந்தால் அதை அணைக்கவே வேண்டாம். எழுந்து போனாலும் துணி இம்மி நகராது. பழைய மெஷினில் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கிக்கொள்ளலாம், அதுவும் அதே பலன்தான். அப்புறம், ஒரு வரிசை தைத்து முடித்ததும் நூலை அறுக்காமல், பக்கத்தில் கிடக்கும் இரண்டு துண்டுத் துணியை ஜோடி சேர்த்து ஒரு தையல் ஓட்டிவிட்டு நிறுத்துவேன். அடுத்த முறை தொடங்கும்போது நூல் உள்ளே இழுத்துச் சிக்கிக்கொள்வதில்லை. அந்த ஜோடிகளைச் சேர்த்தே இன்னொரு குவில்ட் வளர்ந்துகொண்டிருக்கிறது. தனியாக நேரம் ஒதுக்காமல் தைக்கிற ஒரே குவில்ட் அது.

மூன்று அடுக்கையும் பிடித்துவைக்க ஒட்டும் ஸ்பிரேயா, வளைந்த ஊக்குகளா? ஸ்பிரே வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலெல்லாம் திறக்க வேண்டும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, தரை முழுவதும் விரித்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஊக்கு குத்த முதுகு வலிக்கும். ஆனாலும் பாதி குத்திய நிலையில் சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அடியில் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும், அதுதான் இடைவெளிக் கணக்கு. ஊக்கு விஷயத்தில் என் மகள் பெரிய உதவி. மகன் வரிசை மாற்றி விளையாடுவதோடு சரி. அவனுக்காகவே கட்டங்களை அடுக்கியதும் போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

பஞ்சில் பருத்தியா பாலியெஸ்டரா என்ற வாதத்துக்கு என் வீட்டுத் துவைப்புத் தொட்டி தீர்ப்பு சொல்லிவிட்டது. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி, தையல் வரிகளுக்கு நடுவே மெல்லிய சுருக்கம் விழும். எனக்கு அது பிடிக்கும், உடம்போடு ஒட்டிப் படியும். பாலியெஸ்டர் சுருங்காது, சீக்கிரம் காயும், உப்பலாக நிற்கும். அதனால் அடிக்கடி துவைக்கிற பிள்ளைகளின் போர்வைக்குப் பாலியெஸ்டர், பெரியவர்களுக்குப் பருத்தி. எதை வாங்கினாலும் தையல் வரிகள் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று உறையில் போட்டிருப்பதைப் படியுங்கள். அதை மீறினால் பஞ்சு உள்ளே நகர்ந்து மூட்டை கட்டிக்கொள்ளும். சிவப்பும் கருநீலமும் வெள்ளையோடு சேர்கிறதென்றால், சாயம் உறிஞ்சும் தாள் ஒன்று முதல் துவைப்பில் கட்டாயம். கறை தெரிந்தால் காயவிடாமல் உடனே மறுபடி அலசுங்கள்.

வீணாகக் கிடப்பது எது என்றால் ஃப்ரீ மோஷன் ஃபுட். கருவியில் குறையில்லை. பற்களை இறக்கிவிட்டு, கையின் வேகத்தையும் மெஷினின் வேகத்தையும் ஒன்றாக்கி, பூவும் கொடியும் வரைய வேண்டும். அந்த லயம் கைக்கு வரவே சிறிது நேரம் பிடிக்கும். வந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள், திரும்பி வந்தால் வேறு அளவில் பூ விழும். நேர்வரித் தையலில் இந்தத் தொல்லையே இல்லை. தனியாக இருப்பவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்காரர்களும் தாராளமாக வாங்கலாம்.

இன்னும் தீராத ஒரே சிக்கல் ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரட்டைக் கட்டில் அளவு குவில்ட்டைச் சுருட்டி அதற்குள் திணிப்பது கை வலிக்கிற வேலை. இப்போதைக்குக் கட்டம் கட்டமாகப் பஞ்சோடு தைத்து, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்துவிடுகிறேன். அடுத்த மெஷின் வாங்கப் போகும்போது எத்தனை டிசைன் தையல் இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. டேப்பை எடுத்து அந்த இடைவெளியை அளந்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.